கருடனுக்கு ஒரு குறியீடு

விமானி தன் பதிவேட்டில் விமான வகையைக் குறிக்க நேர்மையும் பேனாவும் போதா; சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் ஆவணம் 8643-உம் வேண்டும். திருச்சிக்கு வரும் ஏடிஆர் 72-600 அதன்படி ‘ஏடி76’. ஏர்பஸ் 320 நியோ ‘ஏ20என்’. போயிங் 737-800 ஓட்டியவர் ‘பி737’ என்று எழுதினால் போயிற்று. அது 737-700-க்குச் சொந்தம், அவருடையது ‘பி738’. பார்த்ததும் புரிந்துவிட்டால் பதிவேட்டுக்கு என்ன மரியாதை?

இந்த ஒழுங்கு காவிரிப் பாலம் தாண்டாததுதான் குறை. ஸ்ரீரங்கத்தில் உற்சவர் நம்பெருமாளுக்குக் கருடன், அனுமன், யாளி, குதிரை என்று எத்தனை வாகனங்கள்! அவற்றைச் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளிடம், விமானியிடம் கேட்பதுபோல் வகைச்சான்று கேட்பார் இல்லை. கருடனுக்குப் பழகிய தோள், பயிற்சி வகுப்பில்லாமல் யாளிக்கு மாறுகிறது. ‘கரு1’, ‘யாளி2’ என்று குறியீடு தந்தால் உலா உலகத் தரம் பெறும்.

படிவத்துக்கும் பஞ்சமில்லை. 2024 அக்டோபர் 11 அன்று ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுற்றிவிட்டுப் பத்திரமாகத் திருச்சியிலேயே இறங்கியது. பதிவேட்டில் புறப்பட்ட இடம், சேர்ந்த இடம் இரண்டு கட்டங்களிலும் திருச்சி. கோயிலில் கிளம்பிக் கோயிலுக்கே திரும்பும் வீதி உலாவுக்கு அதே கட்டங்கள் போதும்.