விரல் அறிந்த கட்டளைகள்

டாஸ் கணினியில் சிட் மையரின் ‘சிவிலைசேஷன்’ ஆடியவரா நீங்கள்? அப்படியென்றால் ஆர் என்ற எழுத்தைப் பார்த்ததும் இன்றைக்கும் உங்களுக்குச் சாலைதான் நினைவுக்கு வரும். ஐ என்றால் பாசனம், எம் என்றால் சுரங்கம், பி என்றால் வெறும் புல்வெளியில் ஒரு நகரம். 1991-ல் வந்த அந்த ஆட்டத்தில் கட்டளைகளெல்லாம் மெனுவில் சொற்களாகவே வரிசைகட்டி நிற்கும், பக்கத்திலேயே அதற்குரிய எழுத்தும் இருக்கும், சில மாலைகள் ஆடியதுமே கண் மெனுவை மறந்துவிட, விரல் தானே போய்ச் சரியான இடத்தில் விழும். அந்தச் சுகம் இப்போது எத்தனை பேருக்குப் புரியுமோ.

காவல் நிற்கச் சொல்லும் ‘சென்ட்ரி’க்கு எஸ். 1996-ல் வந்த இரண்டாம் பாகத்தில் எஸ் அப்படியே இருந்தது, பெயர் மட்டும் ‘ஸ்லீப்’ ஆகிவிட்டது. எதிரி நெருங்கினால் விழித்துக்கொள்ளும் அதே வீரன்தான்; ஆனாலும் எல்லையில் நிறுத்திய காவல்காரனைத் தூங்கு என்று சொல்ல மனம் வராமல் விரல் தயங்கியதுண்டு.

1992-ன் ‘டியூன் 2’வில் ஒரு வண்டியை நகர்த்த, வண்டியைத் தொட்டு, ‘மூவ்’ பொத்தானைத் தொட்டு, பிறகு போகவேண்டிய இடத்தைத் தொட வேண்டும். 1995-ல் ‘வார்கிராஃப்ட் 2’ வந்தபோது வலது க்ளிக் ஒன்றே எல்லாம் பார்த்துக்கொண்டது: தரையென்றால் நடை, பகைவன் என்றால் அடி, தங்கச் சுரங்கம் என்றால் தோண்டல். கைக்கு எவ்வளவோ இலேசு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு வினையைத் தேர்ந்து ஆணையிடும்போது தளபதியாகவே நிமிர்ந்து உட்கார்ந்த அந்த நிதானமான பெருமிதம் அத்தோடு போயிற்று.

பெயர் வைத்ததில் நான் இன்றும் மெச்சுவது 1998-ன் ‘ஸ்டார்கிராஃப்ட்’டைத்தான். அதில் ‘ஸ்டாப்’ வேறு, ‘ஹோல்டு பொசிஷன்’ வேறு. முதலாவதைச் சொன்னால் படை நிற்கும், ஆனால் எதிரி கண்ணில் பட்டால் துரத்திக்கொண்டு ஓடிவிடும். இரண்டாவதைச் சொன்னால் இடத்தைவிட்டு அசையாது, எட்டுகிறவரை மட்டும் சுடும். எந்த இனத்துப் படையானாலும் எஸ் எஸ்தான், ஹெச் ஹெச்தான். சரிவின் உச்சியில் நிறுத்திய படை அங்கேயே இருக்கும் என்று நம்பி நாம் வேறு மூலைக்குப் போக முடிந்தது அதனால்தான்.

2010-ல் அதன் இரண்டாம் பாகம் வந்தபோது, பெயரின் எழுத்தை விட்டுவிட்டு, திரையில் கட்டம் இருக்கும் இடத்துக்கேற்ப விசைகளை அமைத்துக்கொள்ளும் வசதியும் கிடைத்தது. என் தங்கை மகன் அப்படித்தான் ஆடுகிறான். படையை அசையாமல் நிறுத்துவது எப்படி என்று கேட்டால், “மேல் வரிசையில மூணாவது, மாமா” என்கிறான். கூட்டாளியோடு சேர்ந்து ஆடுகையில், ஆபத்து நெருங்கிவிட்டால் மட்டும், மைக்கில் அவன் கத்துவது அந்தப் பழைய சொல்லைத்தான்: “ஹோல்டு, ஹோல்டு!”