தண்ணி எவ்வளவு ஊத்தறதுங்க?

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி வீடு கட்டுவது பற்றியவை. கருமத்தம்பட்டியைச் சுற்றிக் கல்குவாரி இருக்கிறது, கிரஷர் இருக்கிறது, கம்பிக் கடையும் ரெடிமிக்ஸ் லாரியும் இருக்கின்றன. சைட்டில் வெயிலில் நிற்கும் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதையே எடுத்துக்கொள்கிறேன்.

எங்க மேஸ்திரி மிக்சர் மெஷின்ல ஹோஸை விட்டுட்டே இருக்கறாருங்க. கேட்டா, "கொழகொழன்னு இருந்தாத்தான் அம்மிணி கம்பிக்குள்ள எறங்கும்"ங்கறார். தண்ணி எவ்வளவுதானுங்க ஊத்தறது?
— இல்லத்தரசி, சோமனூர்

மேஸ்திரி சொல்வதில் பாதி சரி. கலவை கம்பிக்குள் இறங்கத்தான் வேண்டும். ஆனால் அதை இறக்க வேண்டியது வைப்ரேட்டர், ஹோஸ் இல்லை.

50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்-20 கலவைக்கு இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 கொடுக்கும் உச்ச அளவே மூட்டைக்கு 30 லிட்டர்தான். சைட்டில் எப்படியும் 20 லிட்டர் பெயின்ட் டப்பா ஒன்று கிடக்கும். அதில் ஒரு டப்பா நிறைய, அப்புறம் கால் டப்பா. கணக்கு முடிந்தது. எம்-சாண்ட் ஈரமாக வந்து இறங்கியிருந்தால் இதிலும் குறைக்க வேண்டும். ஒரு மூட்டைக்குப் போடும் மணலில் 5 சதவீதம் ஈரம் இருந்தாலே நாலு லிட்டர் தண்ணீர் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்துவிடுகிறது.

சிமென்ட் தன் வேலைக்கு எடுத்துக்கொள்வது மூட்டைக்கு 19, 20 லிட்டர்தான். மிச்சத் தண்ணீர் நாளாவட்டத்தில் வெளியேறிவிடும். அது இருந்த இடம் கண்ணுக்குத் தெரியாத துளைகளாக நிற்கும். பத்து வருஷம் கழித்து மழைத்தண்ணீர் கம்பியைத் தேடிப் போவது அந்த வழியாகத்தான். மூட்டைக்கு 40 லிட்டர் ஊற்றினால் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மூட்டைக்குக் காசு கொடுத்துவிட்டு, ஹோஸைத் திறந்து அதில் பாதியைக் கரைத்து விடுகிறோம். தண்ணீருக்கும் சிமென்ட்டுக்கும் உள்ள விகிதம்தான் பலத்தைத் தீர்மானிக்கிறது என்று டஃப் ஆப்ராம்ஸ் சிகாகோவில் 1918-லேயே சோதித்து எழுதி வைத்துவிட்டார். நூறு வருஷம் தாண்டியும் அந்தக் கணக்கு அப்படியே நிற்கிறது.

"அப்ப எப்படிங்க எறங்கும்?" என்று மேஸ்திரி கேட்பார், நியாயமான கேள்வி. பீமும் பில்லரும் சேரும் இடத்தில் கம்பி நெருக்கமாக இருந்தால், முக்கால் ஜல்லியோடு அரை இஞ்ச் ஜல்லியும் கலக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிசைசர் என்று ஒரு திரவம் கேனில் கிடைக்கிறது. கேனில் போட்டிருக்கும் அளவில் சேர்த்தால், தண்ணீரைக் கூட்டாமலே கலவை இளகும். வைப்ரேட்டர் ஊசியை நேராக இறக்கி, குமிழி வருவது நின்றதும் மெதுவாக உருவ வேண்டும். கம்பி மேல் சாய்த்து வைக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்ணீர் கூடுவது பெரும்பாலும் ஏமாற்றுவதற்காக இல்லை. கெட்டிக் கலவையை வாரி, சுமந்து, இழுத்து விடுவது முதுகை ஒடிக்கும் வேலை. தளம் போடும் நாளில் கூலி ஆள் இரண்டு பேரைக் கூடுதலாகப் போடுங்கள். ஹோஸ் தானாக ஓய்ந்துவிடும்.

எங்க போர் தண்ணி உப்புங்க. கான்கிரீட்டுக்கு ஆகுமா?
— விவசாயி, சாமளாபுரம்

நாக்கில் வைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், ஒரு பாட்டில் பிடித்து லேபுக்கு அனுப்புங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது. அதைத் தாண்டினால் டேங்கர் தண்ணீர் வாங்குங்கள். கம்பி அரித்த பிறகு ஆகும் செலவுக்கு முன்னால் டேங்கர் வாடகை ஒன்றுமே இல்லை.

போன ஆடியில தார்சு போட்டோமுங்க. மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து பார்த்தா மேல கோடு கோடா வெடிச்சுக் கெடக்குது. சிமென்ட் சரியில்லைன்னு கடைக்காரரோட சண்டை. யார் மேலங்க தப்பு?
— தறி உரிமையாளர், தெக்கலூர்

சண்டையை நிறுத்திவிட்டுக் கடைக்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். உங்கள் தளத்தை வெடிக்க வைத்தது பெரும்பாலும் காற்று.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. இறக்கையைச் சுழற்றும் அதே காற்று, புதுத் தளத்தின் மேல்பரப்பிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுக்கிறது. கான்கிரீட் போட்டதும் உள்ளிருக்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கசிந்து வரும். அது வரும் வேகத்தைவிடக் காற்று குடிக்கும் வேகம் அதிகமானால், மேல்தோல் சுருங்கும். அந்த நேரத்தில் கான்கிரீட்டுக்கு இழுவையைத் தாங்கும் தெம்பு கிடையாது, கிழிந்துவிடும். ஒரு சதுர மீட்டரில் மணிக்கு ஒரு கிலோ தண்ணீருக்கு மேல் ஆவியானால் ஆபத்து என்பது பொறியாளர்கள் கணக்கு. வெயிலும் ஆடிக்காற்றும் சேர்ந்தால் நம்மூர் மொட்டை மாடியில் அந்த அளவு சுலபமாக வந்துவிடும்.

வெடிப்பைப் பார்த்தாலே காரணத்தை ஓரளவு சொல்லிவிடலாம். போட்ட சில மணி நேரத்துக்குள், அடி, ரெண்டடி இடைவெளியில், ஒன்றுக்கொன்று இணையாகவோ சாய்வாகவோ ஓடினால் அது காற்று வேலை. கம்பி போகும் தடத்திலேயே நேராக வெடித்திருந்தால், கலவை அடியில் தணிந்து கம்பி மேல் தொங்கியிருக்கிறது; வைப்ரேட்டர் போதவில்லை.

ஆடியில்தான் போட்டாக வேண்டும் என்றால் விடியும் முன்பே ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் சாயங்காலம் போடுங்கள். காற்று வரும் மேற்குப் பக்கம் தார்ப்பாயை மறைப்பாகக் கட்டுங்கள். சென்ட்ரிங் ஷீட்டையும் கம்பியையும் முதலில் நனையுங்கள். மட்டப்பலகை இழுத்துத் தேய்த்த இடத்தை அப்போதைக்கப்போதே பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுங்கள். முழுத் தளமும் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் கீழே இறங்காதீர்கள். இறுகும் முன் வெடிப்பு கண்ணில் பட்டால், அங்கேயே மணியாசுக் கட்டையை அழுத்தித் தேய்த்து மூடிவிடலாம். காய்ந்த சிமென்ட் பொடியைத் தூவித் தண்ணீர் தெளிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தத் தோல் பிறகு ஏடு ஏடாக உரிந்து வரும்.

உங்கள் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தும்போது அடியில் கசிந்ததா? கசிந்திருந்தால் வெடிப்பு முழுக்க இறங்கியிருக்கிறது. பொறியாளரைக் கூப்பிட்டு எபாக்சி செலுத்த வேண்டுமா என்று பார்த்துவிடுங்கள்.

53 கிரேடு சிமென்ட்தான் ஒஸத்தியாங்க?
— வாகராயம்பாளையம் வாசகர்

சீக்கிரம் பலம் ஏறும், அவ்வளவுதான். வீட்டுக்குப் பிபிசி என்கிற பொசோலானா சிமென்ட்டே நன்றாகப் பொருந்தும். மெதுவாகப் பலம் ஏறும், நாள் ஆக ஆகக் கூடிக்கொண்டே போகும். ஆனால் 7 நாளில் தண்ணீர் விடுவதை நிறுத்திவிடக் கூடாது. பிபிசிக்கு 10 நாள் கட்டாயம், நம்மூர்க் காற்றுக்கு 14 நாள் உத்தமம். எந்த கிரேடாக இருந்தாலும் மூட்டையில் அச்சிட்ட தயாரிப்பு வாரத்தைப் பாருங்கள். மூன்று மாசம் தாண்டியிருந்தால் சோதிக்காமல் பில்லருக்கும் தளத்துக்கும் சேர்க்காதீர்கள்.

எம்-சாண்டுன்னு சொல்லி கிரஷர் டஸ்ட் இறக்கிட்டுப் போயிட்டா எப்படிங்க கண்டுபிடிக்கறது?
— கணியூர் வாசகர்

கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு மணலைப் போட்டு, தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். மணல் அடியில் தங்கும், மாவு மேலே தனி ஏடாகப் படியும். ஏடு தடிமனாக இருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். டஸ்ட் என்பது ஜல்லி உடைக்கும்போது உதிரும் மிச்சம். சில்லு சில்லாக, மாவு அதிகமாக இருக்கும், தண்ணீரை இழுக்கும். எம்-சாண்ட் என்பது கல்லைத் தனி எந்திரத்தில் மோதவிட்டு, குருணை உருட்டாக வரும்படி செய்து, சலித்துக் கழுவியது. தமிழ்நாடு அரசு 2023-ல் எம்-சாண்டுக்குத் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. பொதுப்பணித் துறை தர ஒப்புதல் பெற்ற ஆலையா என்று கேட்டு, சான்றின் நகலை வாங்குங்கள். பூச்சுக்கு வரும் பி-சாண்டைக் கான்கிரீட்டில் கலக்க விடாதீர்கள். இத்தனை குவாரி உள்ள ஊரில் ஏமாறுவது நமக்கு அழகில்லை.

கம்பி எது மேல, எது கீழன்னு கம்பி கட்டறவரோட தினமும் வாக்குவாதமுங்க.
— தறி ஓட்டுபவர், கிட்டாம்பாளையம்

அண்ணா, உங்களுக்குச் சொல்வது சுலபம். தளத்துக் கம்பியும் பாவும் ஊடையும் மாதிரித்தான், ஆனால் இங்கே எது அடியில் கிடக்கிறது என்பது முக்கியம். அறையின் குறுகலான பக்கமாக ஓடுவது மெயின் கம்பி. அது அடியில் வர வேண்டும், குறுக்குக் கம்பி அதன் மேல். தளம் தொங்கும்போது இழுபடுவது அடிப்பக்கம் என்பதால்தான்.

பால்கனியும் சன்ஷேடும் தலைகீழ். சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதால் அங்கே இழுபடுவது மேல்பக்கம். மெயின் கம்பி மேலேயே இருக்க வேண்டும், தளத்துக்குள்ளும் போதிய நீளம் ஓடிப் பிடித்திருக்க வேண்டும். கட்டும்போது சரியாகத்தான் கட்டியிருப்பார்கள். கான்கிரீட் போடும் அன்று பாண்டுச்சட்டியோடு பத்துப் பேர் மிதித்து நடந்ததும், 5 இஞ்ச் பால்கனியில் கம்பி அடிக்குப் போய்விடும். மேலே பார்த்தால் வழவழவென்று அழகாக இருக்கும், உள்ளே தாங்க ஒன்றும் இருக்காது. முட்டைப் பிரித்த அன்றே சன்ஷேடு கழன்று விழுவதற்கு இது முக்கியக் காரணம். கம்பிக்கு அடியில் வளைத்த நாற்காலிக் கம்பிகளை ரெண்டடிக்கு ஒன்றாக நிறுத்துங்கள், நடக்கப் பலகை போடுங்கள். பால்கனிக்குக் கலவை வரும் நேரத்தில் நீங்களே அங்கே நில்லுங்கள்.

கவர் பிளாக்குக்குப் பதிலா ஜல்லித் துண்டை வெச்சா ஆகாதுங்களா?
— கொத்தனார், பதுவம்பள்ளி

ஆகாதுங்க. வைப்ரேட்டர் பட்டதும் உருண்டுவிடும், கம்பி சென்ட்ரிங் ஷீட்டில் உட்கார்ந்துவிடும். தளத்துக்கு 20 மி.மீ., பில்லருக்கு 40, ஃபுட்டிங்குக்கு 50. ஒரு வீட்டுக்கு ஆகும் கவர் பிளாக் செலவு ஒரு வேளை பிரியாணிக்குக்கூட வராது.

சென்ட்ரிங்காரர் ஏழாம் நாளே ஷீட்டைக் கழட்டறேன்னு நிக்கறாருங்க.
— வீடு கட்டுபவர், அன்னூர்

சாதா சிமென்ட்டுக்கு 15 அடி வரையிலான தளத்தின் முட்டை 7 நாளில் எடுக்கலாம், அதற்கு மேல் அகலமென்றால் 14 நாள். 20 அடி வரையிலான பீமுக்கு 14, அதைத் தாண்டினால் 21. பிபிசி போட்டிருந்தால் 7-ஐ 10 ஆக்குங்கள், 14-ஐ 20 ஆக்குங்கள். பால்கனி முட்டை வெளி முனையிலிருந்து சுவரை நோக்கி எடுக்க வேண்டும், அறையில் நடுவிலிருந்து ஓரத்துக்கு. வாடகை ஏறுகிறது என்பார். மூன்று நாள் வாடகையைப் பேசி முன்னமே கொடுத்துவிடுங்கள்.

கோயமுத்தூருக்கெல்லாம் பூகம்பம் வருமாங்க?
— கல்லூரி மாணவி, அரசூர்

வந்திருக்கிறது, கண்ணு. 1900 பிப்ரவரி 8-ஆம் தேதி, ஏறக்குறைய 6 அளவில் கோவைப் பக்கத்தை மையமாக வைத்தே வந்தது. நில அதிர்வு வரைபடத்தில் நம் ஜில்லா மூன்றாம் மண்டலமாகக் குறிக்கப்பட்டது சும்மா இல்லை. வீட்டில் பில்லர் கட்டிக்கொண்டிருந்தால் ரிங்கின் கொக்கியைப் பார். வெறும் செங்கோணமாக மடக்கியிருந்தால் அதிர்ச்சியில் மேல்தோல் உதிர்ந்ததும் ரிங் விரிந்துவிடும். 135 டிகிரிக்கு உள்ளே மடக்கி, இரண்டரை இஞ்ச் வால் விட்டிருக்க வேண்டும். பில்லரின் மேலும் கீழும் ரிங்கை நெருக்கிக் கட்ட வேண்டும்.

காம்பவுண்டு செவுத்துக்கு எதுக்குங்க இன்ஜினியர்?
— சூலூர் வாசகர்

2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஒரு மதில் இடிந்து வீடுகள் மேல் விழுந்து 17 பேர் தூக்கத்திலேயே போனார்கள். அதற்காகத்தான். உயரமான மதிலுக்குப் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்கும் அஸ்திவாரமும், இடையிடையே பில்லரும் வேண்டும். ஒரு பக்கம் மண் உயரமாக இருந்தால் தண்ணீர் வடியக் குழாய்த் துளைகள் வேண்டும். தேங்கிய தண்ணீர் சுவரைத் தள்ளும் பலம் நாம் நினைப்பதைவிடப் பல மடங்கு. கருமண் பூமியென்றால் இன்னும் கவனம். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மண் அது. அதைத் தாண்டிச் சுக்கான் வரைக்கும் தோண்டாத கடக்கால் எந்தச் சுவரையும் நேராக நிற்க விடாது. உங்கள் சுவர் விழுந்தால் அடுத்த வீட்டில்தான் விழும்.

கலவை சொமந்து சொமந்து கையெல்லாம் வெந்து போச்சுங்க சாமி. என்ன போடறது?
— சித்தாள் வேலை செய்பவர், கருமத்தம்பட்டி

அம்மா, அது வேலை பழகாததால் வரும் புண் இல்லை. ஈரச் சிமென்ட் சுண்ணாம்பைப் போலக் கடுங்காரம், தோலை எரிக்கும். கலவை பட்ட இடத்தை உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். சாயங்காலம் வரை விட்டு வைக்காதீர்கள். கையிலும் காலிலும் தேங்காய் எண்ணெய் தடவுவது கழுவிய பிறகுதான், கையுறைக்குப் பதிலாக இல்லை. புண் கறுத்தாலோ சீழ் வைத்தாலோ அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். ரப்பர் கையுறையும் முழங்கால் பூட்சும் மேஸ்திரியிடம் கேட்டு வாங்குங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால் இந்தப் பக்கத்தை வெட்டி வீட்டுக்காரரிடம் கொடுங்கள். லட்சக்கணக்கில் கம்பி வாங்கியவருக்குக் கையுறை நாலு ஜோடி பெரிய செலவில்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பதியவில்லையென்றால் ஆதார், ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய் விசாரியுங்கள். சேர்ந்து வேலைக்கு வரும் மற்றப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.