மகா கனம் பொருந்திய கின்னஸ் சமூகத்துக்கு

லண்டனில் வீற்றிருக்கும் கின்னஸ் உலக சாதனை நிறுவனத்தாருக்கு, பிளெக்ஸ் பேனர்களின் நிழலில் குடியிருக்கும் தமிழ்நாட்டுச் சாமானியன் எழுதிக்கொண்டது. இங்கே யாவரும் நலம். உங்கள் நலத்துக்கும் குறைவிருக்காது. சான்றிதழ் தொழிலில் நஷ்டப்பட்டவர் எந்த ஊரில் இருக்கிறார்?

உங்கள் பூர்வீகம் எனக்குத் தெரியும். 1951-ல் அயர்லாந்தில் வேட்டைக்குப் போன கின்னஸ் பீர் கம்பெனி நிர்வாகி ஹியூ பீவர், வேட்டையாடப்படும் பறவைகளில் ஐரோப்பாவிலேயே வேகமாகப் பறப்பது எது என்று கூட வந்தவர்களோடு வாதாடினார். எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. மதுக்கடைகளில் நடக்கும் இந்த மாதிரி வாய்ச்சண்டைகளைத் தீர்க்க 1955-ல் உங்கள் புத்தகம் வந்தது. அப்போதெல்லாம் பறவை தன்பாட்டுக்குப் பறந்தது, நீங்கள் குறித்துக்கொண்டீர்கள். இப்போது பறவையே உங்களுக்கு மனுப்போட்டு, நடுவரை வரவழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, கேமரா வந்துவிட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்ட பிறகுதான் சிறகை விரிக்கிறது.

துர்க்மெனிஸ்தான் தலைநகர் அஷ்காபாத்தில் 543 கட்டடங்களுக்கு வெள்ளைப் பளிங்கு பதித்ததற்கு 2013-ல் அங்கீகாரம் தந்தீர்கள். 2015-ல் அதே நாட்டில் 4,166 பேர் கூடி அதிபர் எழுதிய பாட்டைப் பாடினார்கள், அதுவும் சாதனை. அத்தனை பேரும் விரும்பித்தான் வாயைத் திறந்தார்களா என்று எழுத உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை போலிருக்கிறது. 2019-ல் தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஜான் ஆலிவர் இதைக் கேலி செய்வதற்காக அந்த அதிபரின் படத்தோடு ஒரு ராட்சத கேக் செய்து சாதனை கேட்டபோது, உங்களைக் குறைசொல்ல மாட்டேன் என்று கையெழுத்துக் கேட்டீர்களாம். அவரே தன் நிகழ்ச்சியில் சொன்னார். நான் இதுவரை எதிலும் கையெழுத்துப் போடவில்லை, அதனால் தொடர்கிறேன்.

கொச்சி கலூர் மைதானத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2024 டிசம்பர் 29. உங்கள் சாதனைக்காக 11,000-க்கும் மேற்பட்டோர் ஒரே மாதிரிச் சேலையில் பரதநாட்டியம். கேலரியில் தற்காலிகமாகக் கட்டியிருந்த மேடையிலிருந்து திருக்காக்கரை எம்.எல்.ஏ. உமா தாமஸ் கீழே விழுந்து, தலையில் அடிபட்டு, வென்டிலேட்டருக்குப் போனார். ஆட்டம் நிற்கவில்லை. எப்படி நிற்கும்? கலைந்துபோனால் மறுபடி அத்தனை தலைகளைத் திரட்டுவது யார்? சான்றிதழ் கைக்கு வந்தது. பிறகு கணக்கும் வந்தது. 390 ரூபாய்க்கு நாங்கள் கொடுத்த சேலைக்கு ஆடியவர்களிடம் ஏற்பாட்டாளர்கள் 1,600 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள் என்று ஜவுளிக் கடையே அறிக்கை விட்டது. கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிப் போன காலம் தெரியும். ஆடுகிறவளே பணம் கட்டி, எண்ணப்படுவதற்காகப் போய் நிற்கும் கச்சேரி உங்கள் புண்ணியத்தில்தான் பார்க்கிறோம். அந்தக் கூட்டத்தில் யாருக்கு அரைமண்டி சரியாக உட்கார்ந்தது? யாரும் எழுதவில்லை. ட்ரோன் அவ்வளவு கீழே இறங்குவதில்லை.

பத்திரிகைக்காரர்களைத் திட்ட மனம் வரவில்லை. காலையில் செய்திக்குறிப்பு வருகிறது, மதியம் பிரியாணி வருகிறது, சாயங்காலம் படம் வருகிறது. 'உலக சாதனை படைத்தனர்' என்று தலைப்பும் தயாராகவே வருகிறது. இதில் அவர்களுக்கு வேலை எங்கே மிச்சமிருக்கிறது?

உங்களைப் பார்த்து இங்கே கிளம்பிய சாதனைப் புத்தகங்களுக்கும் குறைவில்லை. அவற்றின் நடுவர்கள் உங்களைவிடத் தாராள மனசுக்காரர்கள். தலைநகரங்களை ஒப்பிக்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கு மெடல், பிள்ளையின் அப்பாவுக்குப் பொன்னாடை. மறுநாள் முச்சந்தி பேனரில் அப்பாவின் முகம் ஆறடி, பிள்ளையின் முகம் மூலையில் தபால்தலை அளவு.

விஷயத்துக்கு வருகிறேன். 'ஒரே சான்றிதழை ஒரே நேரத்தில் பிடித்தபடி போட்டோவுக்கு நின்ற அதிகபட்ச ஆட்கள்' என்று ஒரு புதுப் பிரிவை நீங்கள் திறந்து தரவேண்டும். எங்கள் வட்டாரத்தில் எப்படியும் 40 பேர் தேறும். பள்ளித் தாளாளர், வட்டச் செயலாளர், அவருடைய மச்சான், ஸ்பான்சர் செய்த நகைக்கடைக்காரர், எங்கே போட்டோ எடுத்தாலும் வந்து நின்றுவிடும் அந்த சஃபாரி சூட் ஆசாமி. ஒத்திகையே பார்த்துவிட்டோம். சான்றிதழ் இரண்டு இடத்தில் கிழிந்தது, அதனால் லேமினேஷன் செய்ததைத் தரவும். சாதனை செய்த பிள்ளை மட்டும் படத்தில் விழவில்லை. அது விதிக்கு விரோதமா என்று தெரியப்படுத்தவும்.

சாதாரண வரிசையில் உங்கள் பதில் வர மாதக்கணக்காகும், முன்னுரிமைக் கட்டணம் கட்டினால் சீக்கிரம் கிடைக்கும் என்கிறார்கள். எனக்கு அவசரமில்லை. வட்டச் செயலாளர்தான் தேர்தல் தேதி அறிவிப்பதற்குள் கைக்கு வருமா என்று விசாரிக்கச் சொன்னார். பணம் நகைக்கடைக்காரர் கட்டுவார். ரசீதைக் கடை பெயரிலும் சான்றிதழைச் செயலாளர் பெயரிலும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் எந்தச் சான்றிதழும் வாங்காதவன்