அழுகை இல்லை, ஒழுகல்!

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்கு வாராவாரம் கீமோ ஏற்றிக்கொள்கிறேன். ஐந்தாவது வாரத்திலிருந்து கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் ‘அழாதே தாயி’ என்று தலையைத் தடவி, தாங்களும் அழுதுவிட்டுப் போகிறார்கள். நான் அழவே இல்லையே!
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: அவர்கள் அழுதுகொள்ளட்டும், நீங்கள் டாக்டரிடம் போங்கள். மருந்துச் சீட்டில் டோசிடாக்சல் என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதன்மேல்தான் முதல் சந்தேகம்.

கண்ணீருக்கு ஊற்று இருப்பதுபோல வடிகாலும் உண்டு. மூக்கை ஒட்டிய இமையோரத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று என ஊசிக்குத்து அளவில் இரண்டு துளைகள். அங்கிருந்து ஒரு சென்டிமீட்டர் வாய்க்கால், அப்புறம் ஒரு சிறு பை, அப்புறம் மூக்கு. அழுதால் மூக்கு ஒழுகுவதும், கண்ணில் விட்ட சொட்டு மருந்து தொண்டையில் கசப்பதும் இந்த வழியால்தான். டோசிடாக்சல் கண்ணீரிலும் கலந்து வருகிறது. போகிற வழியெல்லாம் வாய்க்காலின் உள்சுவரைப் புண்ணாக்குகிறது. முதலில் வீக்கம், பிறகு தழும்பு, கடைசியில் அடைப்பு. மடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் வரப்பேறித்தானே வழியும்?

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் கண் மருத்துவர் பீட்டா எஸ்மேலியும் அவர் குழுவினரும் 2000களின் தொடக்கத்திலேயே இதை எழுதிவைத்துவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றிக்கொள்பவர்களைவிட வாராவாரம் ஏற்றிக்கொள்பவர்களுக்கே தொல்லை அதிகம் என்பதும் அப்போதே தெரிந்தது. ஆகவே அடுத்த ஊசிக்குப் போகும்போது ‘கண் கலங்குது டாக்டர்’ என்று இழுக்காதீர்கள். அவரும் ஆறுதல் சொல்லி அனுப்பிவிடக் கூடும். ‘கண் ஒழுகுகிறது, எத்தனை நாளாக, ஒரு கண்ணா இரண்டு கண்ணா’ என்று கணக்காகச் சொல்லுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்குக் குடல் புற்றுநோய். டோசிடாக்சல் இல்லை, 5-எஃப்யூ. அவருக்கும் கண் ஒழுகுகிறதே?
(வாசகி, வேடசந்தூர்)

பதில்: அதுவும் இந்த வேலையில் பழைய கை. 5-ஃப்ளூரோயூராசில் 1957-இல் வந்த மருந்து. நம்மூரில் நாகசாமி நாயுடு பிரியாணிக் கடை திறந்த அதே ஆண்டு! இரண்டுமே இன்னும் ஓடுகின்றன. கண்ணையும் மூக்கையும் ஒழுகவைக்கும் குணமும் இரண்டுக்கும் உண்டு. பிரியாணியில் காரம் குறைத்துக் கேட்கலாம், மருந்தில் நாமாகக் குறைக்கக் கூடாது. அளவையோ இடைவெளியையோ மாற்றுவது புற்றுநோய் மருத்துவர் வேலை.

கேள்வி: தண்ணீர் கொட்டுகிறது என்று போனால், ‘கண் வறண்டிருக்கிறது’ என்று செயற்கைக் கண்ணீர் எழுதித் தருகிறார்கள். கேலி செய்கிறார்களா?
(வாசகர், ஒட்டன்சத்திரம்)

பதில்: இல்லை. குடகனாறு காய்ந்தால் ஊருக்குள் லாரித் தண்ணீர் வருகிறதல்லவா? தெருவெல்லாம் சிந்தும், ஆனால் ஆறு நனையாது. கீமோவில் கண்ணின் மேற்பரப்பு உலர்ந்து உறுத்தினால் கண் அவசரத்துக்கு இப்படித்தான் லாரி அனுப்புகிறது. நல்ல கண்ணீரில் எண்ணெய்ப் பசையும் வழவழப்பும் இருக்கும். இந்த அவசரத் தண்ணீர் நிற்காமல் வழிந்து ஓடிவிடும். செயற்கைக் கண்ணீர் விட்டால் உறுத்தல் தணியும், லாரியும் நிற்கும். அடிக்கடி விட வேண்டியிருந்தால் பதப்படுத்தும் ரசாயனம் சேர்க்காத சொட்டு மருந்தாகக் கேட்டு வாங்குங்கள். வறட்சியா, வடிகால் அடைப்பா, இரண்டுமேவா என்பதைக் கண் டாக்டர் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

கேள்வி: தாய்ப்பால் விட்டால் சரியாகும் என்கிறார் மாமியார். நாத்தனார் நந்தியாவட்டை என்கிறார்.
(வாசகி, சின்னாளபட்டி)

பதில்: பால் பிள்ளைக்கு, பூ சாமிக்கு. கீமோ நேரத்தில் இரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். சுத்தமில்லாத ஒரு துளி போதும், கிருமி குடியேறிவிடும். விளக்கெண்ணெய், தேன் என்று அடுத்து யாராவது வருவார்கள், அவர்களுக்கும் இதே பதில். மருந்துக்கடைத் தம்பி தானாக எடுத்துத் தரும் சொட்டு மருந்தும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். டாக்டர் கண்காணிப்பில் சில நாள் விட்டால் அது மருந்து. நீங்களாக மாதக்கணக்கில் விட்டால் கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம்.

கேள்வி: துடைத்துத் துடைத்துக் கண்ணோரம் புண்ணாகிவிட்டது.
(வாசகர், நத்தம்)

பதில்: துண்டை விடுங்கள். துவைத்துக் காயவைத்த மெல்லிய பருத்தித் துணி, பழைய சுங்குடிச் சேலைக் கிழிசல் இருந்தால் இன்னும் நல்லது. தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். துடைத்தே ஆக வேண்டுமென்றால் மூக்கை நோக்கித் துடையுங்கள். வெளிப்பக்கமாகவும் கீழாகவும் இழுத்துக்கொண்டே இருந்தால் கீழிமை தொய்ந்து, கண்ணீர்த் துளை கண்ணை விட்டு விலகிப்போகும். அப்புறம் வாய்க்கால் நன்றாக இருந்தும் பயனில்லை. தொடுவதற்கு முன்பு கை கழுவ வேண்டும். கண் மை, கான்டாக்ட் லென்ஸ் இரண்டுக்கும் இப்போதைக்கு விடுமுறை.

கேள்வி: ஆடிக்காற்றில் டூ வீலர் ஓட்டலாமா?
(வாசகர், பழனி சாலை)

பதில்: எதிரே வருவது ஒரு லாரியா, இரண்டு லாரியா என்று தெரியாத கண்ணோடா? பஸ்ஸில் போங்கள், ஜன்னலோரம் வேண்டாம். நடந்து போனால் பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடி போடுங்கள். இமைமுடி கொட்டியிருந்தால் தூசிக்குத் தடுப்பே இருக்காது.

கேள்வி: ஆண்பிள்ளை ஊர் பார்க்கக் கண்ணீர் விடலாமா?
(வாசகர், நிலக்கோட்டை)

பதில்: கண்ணீர்ச் சுரப்பிக்கு மீசை முளைப்பதில்லை.

கேள்வி: கீமோ முடிந்தால் தானாக நின்றுவிடுமா?
(வாசகி, வத்தலக்குண்டு)

பதில்: பலருக்கு நின்றுவிடும், சிலருக்கு நிற்காது. ‘முடியட்டும், பார்த்துக்கலாம்’ என்பதுதான் ஆபத்து. வாய்க்கால் சுருங்க ஆரம்பிக்கும்போதே கண் டாக்டர் பார்த்தால், மெல்லிய சிலிக்கான் குழாயை உள்ளே செருகிப் பாதையைத் திறந்தே வைத்துவிடலாம். கீமோவும் தடையில்லாமல் நடக்கும். முற்றிலும் தழும்பேறி மூடிய பிறகு போனால் கண்ணிலிருந்து மூக்குக்குப் புதுப்பாதை போட்டு, சின்னக் கண்ணாடிக் குழாய் வைக்க வேண்டியிருக்கும். திண்டுக்கல்காரருக்குச் சொல்ல வேண்டுமா, துருவேறுவதற்கு முன்பே பூட்டுக்கு எண்ணெய் விட வேண்டும் என்று? (பூட்டுக்கு மட்டும்தான் எண்ணெய். முன் பதிலைப் படித்தீர்கள் அல்லவா?)

கண்ணீர்ப் பாதைக்கென்று தனி மருத்துவர்களே உண்டு. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை பக்கத்து மதுரையில்தானே இருக்கிறது. போகும்போது கீமோ சீட்டு முழுவதையும் கையோடு கொண்டுபோங்கள். மூக்கோரம் வீங்கி வலித்தாலோ, பூளை மஞ்சளாக வந்தாலோ, கண் சிவந்து வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே போக வேண்டும். கூடவே காய்ச்சலும் இருந்தால் கண் டாக்டரைத் தேடி அலையாமல் நேராகப் புற்றுநோய் டாக்டரிடம்.

கேள்வி: இதைச் சாக்காக வைத்துச் சின்ன வெங்காயம் உரிக்க மாட்டேன் என்று சொல்லிவிடலாமா?
(மீண்டும் அதே திண்டுக்கல் வாசகி)

பதில்: தாராளமாக. உரிக்கும்போது கிளம்பும் வாயு கண்ணை இன்னும் உறுத்தும், வடிகால் தாங்காது. பூண்டையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். யாராவது என்னிடம் கேட்டால் நான் மறுக்க மாட்டேன்.