செவன் சீட்டர் தேடும் குடும்பத் தலைவர்

கார் வாங்குபவர் ஒரு வகை. செவன் சீட்டர் தேடுபவர் முற்றிலும் வேறு வகை. முன்னவர் பணம் சேர்ந்ததும் ஷோரூமுக்குப் போய், நிறத்தைப் பற்றி வீட்டில் ஒரு சண்டை போட்டு, அடுத்த மாதமே வண்டியை எடுத்துவிடுவார். பின்னவரோ வீட்டுக்கடன் அடைந்து, மூத்த மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்ட ஐம்பதை ஒட்டிய வயதில் தேடத் தொடங்கி, அந்தத் தேடலையே ஒரு பதவியாக வகித்துவருவார். மூன்று வரிசைகளில் ஏழு பேர் அமரக்கூடிய குடும்ப வண்டியே செவன் சீட்டர் எனப்படுவது. தமிழ்நாட்டின் எந்த மாவட்டத் தலைநகரிலும் காணக்கூடிய இவருடைய வீட்டில் இருப்பவர்கள் நான்கு பேர், ஊரிலிருந்து தாயார் வந்தால் ஐந்து பேர்; மீதி இரண்டு இருக்கைகள் தங்கைக்கும் அவள் கணவருக்கும் என்று ஒதுக்கப்பட்டவை. தங்கை மகன் மடியில் உட்காரும் வயதைக் கடந்து மீசை அரும்பி நிற்கிறான் என்பது மட்டும் இந்தக் கணக்கில் இன்னும் ஏறவில்லை.

இந்த ஆசை வாடகை வண்டியில் பிறந்தது. 1994இல் டாடா சூமோவும், 2000இல் டொயோட்டா குவாலிஸும், 2005இல் இன்னோவாவும் வந்தபோது இவருடைய தலைமுறை அவற்றில் ஏறியது பெரும்பாலும் குலதெய்வக் கோயிலுக்கும் பெண் பார்க்கவும்தான் என்பதால், குடும்பம் என்றால் ஒரே வண்டியில் நெருக்கியடித்துப் போவது என்ற எண்ணம் அப்போதே படிந்துவிட்டது. ஆகவே இவருடைய உச்ச நீதிமன்றம் டிராவல்ஸ் ஓட்டுநர். வாகன இதழ்கள் எத்தனை பக்கம் எழுதினாலும், "இன்னோவாவை விட்டுட்டு எதை எடுத்தாலும் அப்புறம் வருத்தப்படுவீங்க சார்" என்று டீக்கடையில் ஓர் ஓட்டுநர் சொல்லிவிட்டால் அதற்குமேல் அப்பீல் கிடையாது.

ஆனால் அந்தத் தீர்ப்பிலும் 2022இன் இறுதியில் ஒரு சிக்கல் நேர்ந்தது. கனத்த இரும்புச் சட்டம் ஒன்றைச் செய்து அதன்மேல் உடற்பகுதியைத் தனியே பொருத்துவது லேடர் ஃபிரேம் எனப்படும் பழைய முறை. சட்டம் என்று தனியாக ஒன்றில்லாமல் உடற்பகுதியே சுமையைத் தாங்கும்படி அமைப்பது மோனோகாக். 2016இல் வந்த இன்னோவா கிரிஸ்டா முதல் வகையைச் சேர்ந்தது, பின்சக்கரங்களால் உந்தப்படுவது; அதன்பின் வந்த ஹைகிராஸோ இரண்டாம் வகைக்கும் முன்சக்கர உந்துதலுக்கும் மாறிவிட்டது. இதைக் கேள்விப்பட்ட நம் குடும்பத் தலைவர், பங்காளிகள் பூர்விக வீட்டை இடித்துவிட்டதாகச் செய்தி வந்தவரைப்போல் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மேடுபள்ளத்தில் பாரம் ஏற்றிப் போக முதல் வகை தேவலை என்பதும், தாழ்ந்த தளத்தோடு ஏறி இறங்க வசதியாக அமைவது இரண்டாம் வகை என்பதும் உண்மையே. ஆயினும் வீட்டில் இந்த வழக்கைத் தீர்த்து வைத்தது தாயாரின் முழங்கால். ஷோரூமில் உயரமான வண்டி ஒன்றின் படிப்பலகையில் ஒரு கால் வைத்து, புடவைக் கொசுவத்தை ஒரு கையிலும் கதவுப் பிடியை மறு கையிலும் பற்றியபடி அந்த அம்மாள் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏண்டா, கூடவே ஏணியும் தருவானா?"

மூன்றாம் வரிசை என்பது பொறியியலும் உறவுமுறையும் முட்டிக்கொள்ளும் இடம். அது பின் அச்சுக்கு மேலே அமைவதால் தளம் உயர்ந்து, இருக்கை தாழ்ந்து, அமர்பவரின் முழங்கால் மார்பை நோக்கி எழும்புகிறது. அதை அடைவதற்கோ நடுவரிசையின் ஒரு பகுதியை மடித்து முன்னே கவிழ்த்து, அந்தச் சந்தில் உடலைத் திருப்பி நுழைய வேண்டும். இந்தச் சிரமம் வேண்டாமென்று நினைப்பவர்களுக்காக நடுவரிசையில் இரண்டு தனி நாற்காலிகளை இடைவெளிவிட்டு வைப்பதுண்டு, இதற்கு கேப்டன் சீட் என்று பெயர். மனைவிக்கு அது பிடித்துப்போயிற்று. ஆனால் ஏழு ஆறாகிவிடுகிறது; அப்படியானால் குடும்பத்தில் யாரைக் கழிப்பது என்ற கேள்வி எழ, மனைவி சிறிதும் தயங்காமல் ஒரு பெயரைச் சொல்ல, அந்த வாரம் ஷோரூம் பக்கமே யாரும் போகவில்லை.

கடைசி வரிசையைச் சோதிக்கும் பொறுப்பை இவர் ஒருபோதும் தாமே ஏற்பதில்லை. தங்கை கணவரை உள்ளே அனுப்பிவிட்டு, "பின்னாடி எப்படி இருக்கு மாப்பிள்ளை?" என்று வெளியிலிருந்து கேட்கிறார், மோவாய்க்கும் முழங்காலுக்கும் இடையே நான்கு விரற்கடை மட்டுமே எஞ்சியிருந்தும், பணம் தம்முடையதல்ல என்ற நிம்மதியில், "தாராளமா இருக்கு மச்சான்" என்று பதில் வருகிறது. உண்மையில் வீட்டு மாப்பிள்ளையை எந்தப் பயணத்திலும் பின்வரிசையில் உட்கார வைக்க முடியாது என்பதால், அவர் சோதித்துச் சான்றளித்த அந்த இருக்கை அவருக்கு எக்காலத்திலும் உரியதன்று. அந்த வரிசையில் தலைசாய்ப்பான் உண்டா, ஒவ்வொருவருக்கும் மூன்று முனை சீட் பெல்ட் உண்டா, பக்கவாட்டில் விரியும் ஏர்பேக் அதுவரை எட்டுமா என்பவைதாம் கேட்க வேண்டிய கேள்விகள். இவர் கேட்பதெல்லாம் அங்கே ஏசி வருமா என்பதே.

சாமான் வைக்கும் இடத்தை லிட்டரில் சொல்வது வாகன உலகின் வழக்கம். மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கையில் மாருதி எர்டிகாவில் அது 209 லிட்டர், நான்கு மீட்டருக்குள் அடங்கும் ரெனோ டிரைபரில் 84 லிட்டர். "ஆறு குடம் தண்ணிகூட வராதே" என்றார் தாயார், மிகச் சரியாக.

விலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய வண்டிகளுக்கான ஜிஎஸ்டி 40 விழுக்காடு என்றும், நான்கு மீட்டரைத் தாண்டாத சிறிய இன்ஜின் வண்டிகளுக்கு 18 விழுக்காடு என்றும் ஆனபோது, அதுவரை வரி குறையட்டும் என்று காத்திருந்தவர் இனி இன்னும் குறையட்டும் என்று காத்திருக்கலானார். வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்ந்து சாலைக்கு வரும் தொகையே ஆன்ரோடு விலை. பத்து லட்சத்தைத் தாண்டினால் மாநிலத்தின் ஆயுட்கால வரி மட்டுமே 18 விழுக்காடு, இருபது லட்சத்தைத் தாண்டினால் 20 என்பதை அறிந்த நாளில் இவருடைய நோட்டுப்புத்தகத்தில் ஒரு பக்கம் முழுவதும் அடிக்கப்பட்டது.

இறுதியில் வண்டி வந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது, இருக்கைகளின் பிளாஸ்டிக் உறை மட்டும் கழற்றப்படவில்லை. மாசி மாதம் குலதெய்வக் கோயிலுக்குப் புறப்படும் நாளில்தான், ஷோரூமில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து எழுந்த மாப்பிள்ளை, அந்த அனுபவத்தின் விளைவாகவே, சொந்தமாக ஒரு செவன் சீட்டரை எடுத்துவிட்ட செய்தி தெரியவந்தது. ஆகவே ஒரு வண்டியில் ஐந்து பேரும் மறு வண்டியில் மூன்று பேருமாகக் குடும்பம் பயணம் செய்தது. மாப்பிள்ளை வண்டியின் மடித்த பின்வரிசையில் பொங்கல் பானையும் விறகும் ஏறின. இவருடைய வண்டியில், கழற்றாத பிளாஸ்டிக் உறையின் மேல் கோணிச்சாக்கை விரித்து, நேர்ந்துவிட்ட கிடாயை ஏற்றினார்கள். ஏசி அங்கே நன்றாகவே வந்தது.