மெட்டு ஏறும் முன் ஒரு வாளித் தண்ணீர்

கம்பம் பள்ளத்தாக்கில் கார் வைத்திருப்பவர்களுக்கு வைப்பர் பழுது வீட்டு வாசலில் தெரிவதில்லை. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மேற்கு மலை வாங்கிக்கொள்ளும். நமக்குக் காற்றும் சாரலும்தான். சின்னமனூரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அதே நேரம் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறுவதற்குள் மேகம் இறங்கிக் கண்ணாடியை மூடிவிடும். குமுளி ஏற்றமும் கம்பம்மெட்டும் அப்படித்தான். மாதக்கணக்கில் வெயிலிலும் ஆடிக் காற்றின் புழுதியிலும் சும்மா கிடந்த வைப்பரை, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமான இடத்தில்தான் முதன்முதலாக வேலை வாங்குகிறோம்.

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 எங்கள் வீட்டுக்கு வந்தபோது தேனி இன்னும் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. அப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரம். மழைக்காலத்திலும் மலைக்குப் போய் வந்தாக வேண்டும். வைப்பர் மக்கர் செய்தால், தேனி நேரு சிலைக்குச் சற்றுத் தள்ளி ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போவோம். அவர் கடையில் ஒரு மரப்பெஞ்சு, ஒரு பழைய பேட்டரி, இரண்டு ஒயர் கட்டிய டெஸ்ட் பல்பு. பள்ளி விடுமுறையில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் கற்றது இன்றுவரை உதவுகிறது.

அவர் எடுத்ததும் ஸ்பேனரைத் தொடமாட்டார். “தம்பி, சுவிட்சப் போடு. பேசாம சத்தத்தக் கேளு” என்பார். மோட்டார் சத்தமே இல்லையென்றால் முதலில் ஃபியூஸ். அது சரியாக இருந்தால், மோட்டாருக்கு வரும் ஒயரில் பல்பை வைப்பார். பல்பு எரிந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் இரண்டில் ஒன்று: உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது எர்த் பிடிக்கவில்லை. பாடியில் எர்த் ஒயர் சேரும் போல்ட்டைக் கழற்றி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப முடுக்குவார். பல வண்டிகளுக்கு வைத்தியம் அதோடு முடிந்துவிடும்.

மோட்டார் ஓடுகிறது, வைப்பரின் கை அசையவில்லை என்றால் மின்சாரத்தைக் குறை சொல்லக் கூடாது என்பார். பேனட்டின் பின்பக்கம், கண்ணாடிக்குக் கீழே, மோட்டாரின் சுழற்சியை இரண்டு கைகளுக்கும் கொண்டுபோகும் கம்பிகள் இருக்கின்றன. அவற்றின் முனைக் குண்டு பிளாஸ்டிக் புஷ்ஷில் உட்கார்ந்திருக்கும். புஷ் தேய்ந்தால் குண்டு கழன்றுவிடும். ஒரு கை ஆடி, மறு கை நின்றாலும் அங்கேதான் பார்க்க வேண்டும். அல்லது நின்றுபோன கையின் அடியில் இருக்கும் நட் தளர்ந்திருக்கும். இரண்டு கையும் சோம்பலாக நகர்ந்தால் கம்பியைக் கழற்றிவிட்டு மோட்டாரைத் தனியாக ஓட்டிக் காட்டுவார். தனியாக நன்றாக ஓடினால் மோட்டார்மேல் குற்றமில்லை. கைகள் சுழலும் அச்சில் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கிறது. சுவிட்சை அணைத்ததும் கை நடுக் கண்ணாடியில் நின்றால், மோட்டாரின் கியர் மூடியைத் திறப்பார். கையைக் கீழே கொண்டுவந்து படுக்கவைத்த பிறகே மோட்டாரை நிறுத்தும் செம்புத் தகடு உள்ளே இருக்கிறது. அதைப் பெட்ரோலில் துடைத்துச் சுத்தம் செய்தால் போதும்.

பிளேடு கடகடவென்று குதித்துக்கொண்டு போனால் ரப்பரைக் கிள்ளிப் பார்ப்பார். நல்ல ரப்பர் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் மறுபக்கம் சாய்ந்துகொள்ளும். வெயிலில் விறைத்தது சாயாது, அப்படியே இழுபடும். ரப்பர் புதிது, ஆனாலும் குதிக்கிறது என்றால் கைதான் முறுக்கியிருக்கிறது. ஸ்பேனரால் பிடித்து மெல்லத் திருப்பி, பிளேடைக் கண்ணாடிமேல் நேராக நிற்கவைப்பார்.

தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்காரர்களும் அங்கே வருவார்கள். பழைய வில்லிஸ் ஜீப்பில் வைப்பருக்கு மோட்டார் கிடையாது; எஞ்சின் உறிஞ்சும் காற்றில்தான் அது ஓடும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் அந்த உறிஞ்சல் குறைந்து வைப்பர் சோர்ந்துவிடும். மழை கூடுகிற இடத்திலேயே அது குறைந்துபோகும். அதனால் கண்ணாடியில் புகையிலையோ உருளைக்கிழங்கோ தேய்த்துக்கொள்வார்கள். தண்ணீர் துளித்துளியாக நிற்காமல் பரவி வழியும்; பாதை கொஞ்சம் தெரியும். அத்தனை தோட்டத் தொழிலாளர்களின் உயிரைப் பொறுப்பில் வைத்திருந்தவர்கள் கையில் இருந்ததை வைத்துக் கண்டுகொண்ட வழி அது.

இன்று நான் ஓட்டும் சின்னக் காரில் நின்று நின்று துடைக்கும் வசதி இருக்கிறது. எங்கள் சாரலுக்கென்றே செய்தது போலிருக்கும். மாருதியில் அப்பா ஒரு வீச்சுக்குப் போட்டு அணைத்து, மறுபடி போடுவார். அமெரிக்காவின் ராபர்ட் கேர்ன்ஸ் ஒரு கண்ணில் பார்வையை ஏறக்குறைய இழந்தவர். இமை ஏன் விட்டுவிட்டு மூடுகிறது என்று யோசித்து இப்படி நின்று நின்று துடைக்கும் வைப்பரை உருவாக்கினார்; 1964-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அந்த யோசனைக்கு இந்தப் பள்ளத்தாக்கில் இருந்து நான் மனமார நன்றி சொல்வேன்.

ஆனால் பழுது பார்க்கும் முறையில் ஒன்று நழுவிக்கொண்டிருக்கிறது. ஓர் ஆடி மாதம் ஓட்டுநர் பக்கத்துக் கை மட்டும் நின்றுபோனது. வொர்க்‌ஷாப்பில் மோட்டாரும் கம்பியும் சேர்ந்த முழு செட்டையும் மாற்ற வேண்டும் என்றார்கள். “தம்பி, மத்த கை ஆடுதே, அப்ப மோட்டார் நல்லாத்தான இருக்கு? அந்த மூடியக் கழட்டி நட்டப் பாருங்க” என்றேன். அந்தப் பையன் பொறுமையாகக் கழற்றினான். நட் தளர்ந்து, கையின் உள்பல் மழுங்கியிருந்தது. கையை மட்டும் மாற்றினோம். “இப்படிப் பாக்கணும்னு யாரும் சொல்லித் தரலண்ணே” என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். பாகங்கள் செட்டாகவே வருகின்றன. வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. கழற்றிப் பார்க்க நேரம் தருவாரில்லை.

புதிய கார்களில் சுவிட்சின் கட்டளை மின்னணுப் பெட்டி வழியாக மோட்டாருக்குப் போவதும் உண்டு. அங்கே பழைய டெஸ்ட் பல்பைச் செருகினால் பெட்டியே கெட்டுவிடலாம். ஸ்கேன் கருவி வேண்டும். அதே வண்டியிலும் நட், புஷ், கிரீஸ், எர்த், ரப்பர் எல்லாம் பழையபடியே இருக்கின்றன. சத்தம் இருக்கிறதா, ஒரு கையா இரண்டு கையா, எங்கே நிற்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

மலைக்குப் புறப்படும் ஒவ்வொருவரையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். தேனியிலோ போடியிலோ கம்பத்திலோ நிறுத்தி, கண்ணாடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, புழுதி இறங்கியபின் வைப்பரை ஓட்டிப் பாருங்கள். காய்ந்த புழுதியோடு ஓட்டினால் கண்ணாடி கீறிப்போகும். எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் இரவில் அந்தக் கீறலில் சிதறும். பழுது தெரிந்தால், பாகத்தின் விலையைக் கேட்பதற்கு முன் எது கெட்டது என்று கேளுங்கள். ஐ.டி.ஐ. முடித்து வரும் பிள்ளைகளுக்கு ஸ்கேன் கருவியோடு அந்தப் பெஞ்சின் பாடத்தையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பட்டறைகள் அதற்கான நேரத்துக்குக் கூலி கேட்கட்டும். நாம் முகம் சுளிக்காமல் கொடுப்போம்.