தீகா லீமா புத்தகத்தில் கடவுச்சொல் காக்கும் மெர்சிங் மரபு: ஓர் ஆராய்ச்சி

கணினி அறிஞர்கள் கடவுச்சொல்லைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது மெர்சிங்குக்கு வந்து, ஒட்டுக்கடையில் உட்கார்ந்து ஒரு தே தாரிக் குடித்து, பக்கத்து மேசைக்காரரின் சட்டைப் பையில் என்ன துருத்திக்கொண்டிருக்கிறது என்று எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அக்குறையை நீக்கவே இவ்வாராய்ச்சி எழுந்தது. ஜொகூரின் கிழக்குக் கரையில், தியோமான் தீவுக்குப் படகேறும் துறை என்று மட்டுமே வெளியூரார் அறிந்துவைத்துள்ள இவ்வூரில், கடவுச்சொல் காக்கும் தொன்மையான மரபு ஒன்று வழங்கி வருகிறது. தொன்மை என்றால் ஒரு பதினைந்து, இருபது ஆண்டு. அதன் மூலச்சுவடி தீகா லீமா புத்தகம்.

மலேசியாவுக்கு வெளியே வாழும் வாசகர் பொருட்டு ஒரு விளக்கம். தீகா லீமா என்பது சட்டைப் பையில் அடங்கும் சின்னக் குறிப்பேடு. அட்டையில் 555 என்று அச்சிட்டிருக்கும். மளிகைக் கடையில் கடன் சொல்லிச் சாமான் வாங்கும் குடும்பங்களின் பொருளாதார வரலாறு முழுவதும் அதில்தான் இருக்கிறது. கடைக்காரரிடம் ஒன்று, நம்மிடம் ஒன்று. அதே ஏட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்னட்டையிலிருந்து தொடங்கினால் வங்கி, ஊழியர் சேமநிதி, வருமான வரி, மகன் வாங்கிக் கொடுத்த கைப்பேசியின் மின்னஞ்சல் ஆகியவற்றின் கடவுச்சொற்கள் வரிசையாக வரும். முன்பக்கம் நாம் பிறருக்குத் தரவேண்டியது. பின்பக்கம் பிறருக்குத் தரக்கூடாதது. இவ்வளவு செறிவான நூலமைப்பை நன்னூலாரும் முப்பத்திரண்டு உத்திகளுள் சேர்க்கவில்லை.

இனி வகை. இவ்வேட்டில் காணப்படும் கடவுச்சொற்கள் நான்கு என்க: பெயர்வழி, பொருள்வழி, நாள்வழி, வசைவழி.

பெயர்வழி, பிள்ளைகளின் பெயராலும் முருகன் பெயராலும் அமைவது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று என்று அலுவலகக் கணினி வற்புறுத்தும்போது குமரன் 1, குமரன் 2 என்று வளரும். பொருள்வழி, தட்டச்சும்போது கண்ணில் பட்ட பொருளால் அமைவது. பெரும்பாலும் வண்டி எண். ஜே என்று தொடங்கி ஊர் முழுக்கத் தெருவில் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை இரகசியமாகக் கருதும் மனவலிமை வியக்கத்தக்கது.

நாள்வழிக்குச் சற்று நின்று உரை காணவேண்டும். மலேசிய அடையாள அட்டை எண்ணுக்கு 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், ஜொகூர் என்றால் 01. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஆக, பாதிச் சாதகம் அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது. 2017 ஜூலை 1 முதல் கடைகளில் கையொப்பத்துக்குப் பதிலாக வங்கி அட்டைக்கு இரகசிய எண் அடிக்கவேண்டும் என்றானபோது, அந்த எண்ணுக்கும் ஆறு இலக்கம் என்று வகுத்தார்கள். ஆறு இலக்கம் கேட்டால் மனிதன் எங்கே போவான்? ஆறு இலக்கத்தில் பத்து லட்சம் எண்கள் உண்டு. ஆனால் ஒரு நூற்றாண்டில் உள்ள நாட்களோ 36,525. பத்து லட்சம் அறைகள் உள்ள மாளிகையைக் கட்டிக்கொடுத்தால், எல்லாரும் வாசல் திண்ணையில் படுத்துக்கொண்டார்கள். அதே 2017 அக்டோபரில் 46.2 மில்லியன் கைப்பேசி எண்கள் பற்றிய தகவல்கள், பலருடைய அடையாள அட்டை எண்ணும் முகவரியும் உட்பட, களவுபோன செய்தி வெளிவந்தது. திண்ணையில் படுத்தவர்களின் பெயர்ப் பட்டியலும் போயிற்று.

வசைவழி அரியது. மூன்று முறை பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டு, ‘லூப்பா காத்தா லாலுவான்?’ (கடவுச்சொல் மறந்துவிட்டதா?) என்று மலாயில் திரை நம்மையே பார்த்துக் கேட்கும் நொடியில் பிறப்பது. தொல்காப்பியர் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் வெகுளியின்பாற்படும். நான்கனுள் இதுவே தலையாயது என்பது என் துணிபு. காரணம், இதை வாய்விட்டுச் சொல்ல முடியாது.

“அப்பா, பாஸ்வேர்ட் என்னாப்பா?”

“நீ தள்ளிக்கம்மா, நானே அடிக்கிறேன்.”

இவ்வுரையாடலில் காணப்படும் பாதுகாப்பு உணர்வை எந்த வங்கியின் விளம்பரச் சுவரொட்டியும் ஊட்டியதில்லை.

“மெர்சிங்காருக்கு ஞாபகசக்தி குறைவு, அதனால்தான் ஏடு வைத்திருக்கிறார்கள்” என்று ஜொகூர் பாருவிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் கூறுவது பிழை. மெர்சிங் ஆற்று முகத்துவாரம் ஆழம் குறைந்தது. தியோமான் படகு கிளம்பும் நேரத்தைக் கடிகாரத்தைவிட நீரேற்றமே முடிவு செய்கிறது. நாளுக்கு நாள் அது மாறும். படகுத்துறையை நம்பிப் பிழைப்பவர்கள் அதைத் தலையிலேயே வைத்திருக்கிறார்கள். நவம்பரில் வாடைப் பருவமழை இறங்கினால் கடல் எப்போது விடும், எப்போது விடாது என்பதும் தலையில்தான். பொருளுள்ள எதையும் மனம் பிடித்துக்கொள்ளும். பெரிய எழுத்து ஒன்று, சிறிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, நட்சத்திரக் குறி ஒன்று என்று கலக்கிக் கொடுத்ததை எந்த மனம் பிடிக்கும்?

அப்படிக் கலக்கச் சொன்னவர் யார் என்று தேடியதில் அகப்பட்டவர் பில் பர். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்காக 2003இல் இவ்விதிகளை எழுதியவர் அவரே. குறியீடு சேர், அடிக்கடி மாற்று என்பன அவர் வாக்கு. 2017இல், பணி ஓய்வு பெற்றபின், தாம் எழுதியவற்றில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாக ஒரு நாளிதழிடம் சொன்னார். அவருக்கு அப்போது வயது 72. மேளகர்த்தா இராகங்களின் எண்ணிக்கையும் 72 என்பதைத் தற்செயல் என்று தள்ளுவோரோடு வாதிட இங்கே இடமில்லை. அவ்வாண்டே அந்நிறுவனம் புதிய நெறிமுறை வெளியிட்டது: குறியீட்டுக் கலப்படம் தேவையில்லை, நீளமே வலிமை, திருட்டுப்போனதற்குச் சான்று இருந்தாலன்றி மாற்றச் சொல்லாதே. செய்தி இன்னும் பல அலுவலகங்களை எட்டவில்லை. குமரன் வளர்ந்துகொண்டே இருக்கிறான்.

அதற்கும் மேலே போனால் மூலவர் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ. 1960களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தியபோது, அவரவர் கோப்பை அவரவர் பார்க்கட்டும் என்று கடவுச்சொல்லை ஏற்படுத்தியவர். 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதவில்லை என்று எல்லாருடைய கடவுச்சொற்களையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டார். 1966இல் இரண்டு கோப்புகள் இடம் மாறி, உள்ளே நுழைந்தவர்க்கெல்லாம் வரவேற்புச் செய்திக்குப் பதில் கடவுச்சொல் பட்டியலே காட்சி தந்தது. இவையெல்லாம் சிறு செய்திகள். நம் ஆராய்ச்சிக்கு முதன்மையானது 2014இல் கோர்பட்டோ அளித்த ஒரு பேட்டி. கடவுச்சொல் ஒரு கொடுங்கனவாகிவிட்டது என்று வருந்திய அவர், தமக்குச் சேர்ந்துவிட்ட நூற்றைம்பது கடவுச்சொற்களுக்கு மூன்று பக்கத் தட்டச்சுத் தாள் வைத்திருந்ததாகச் சொன்னார். கடவுச்சொல்லைப் பெற்ற தகப்பனிடமே ஒரு தீகா லீமா இருந்திருக்கிறது. மெர்சிங் மரபுக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுவோர் வேறு ஊர் பார்க்கலாம்.

தமிழர்க்கு இத்துறையில் முன்னனுபவம் உண்டு என்பதையும் இவ்விடத்தில் நிறுவவேண்டும். கடபயாதி என்றொரு முறை. மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். இராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்தை எண்ணாக்கித் திருப்பிப் போட்டால் மேளகர்த்தா வரிசை எண் கிடைக்கும். தீரசங்கராபரணம் 29, மேசகல்யாணி 65, மாயாமாளவகௌளை 15. பழைய பெயர் சங்கராபரணம்தான். அது எண்ணுக்குப் பொருந்தவில்லை என்று முன்னால் ‘தீர’ ஒட்டினார்கள். கல்யாணிக்கு முன்னால் ‘மேச’ வந்ததும் அவ்வாறே. நிரல் ஏற்க மறுக்கிறது என்று மகள் பெயருக்குப் பின்னால் ஓர் ஆச்சரியக்குறி ஒட்டுகிறோமே, அதே வேலை.

எனவே வங்கி அட்டைக்கு மூன்று இராகம் என்பது இவ்வாராய்ச்சியின் பரிந்துரை. சங்கராபரணம், கல்யாணி, மாயாமாளவகௌளை: 296515. மூன்று மேளகர்த்தாக்களை 3,73,248 விதமாக அடுக்கலாம். பிறந்த தேதி வழியைவிடப் பத்து மடங்கு. குறைகளையும் மறைப்பதற்கில்லை. தமிழில் நான்கு ககரத்துக்கும் ஓரெழுத்தே ஆதலால் வடமொழி எழுத்துக் கணக்கைத் தனியே மனப்பாடம் செய்யவேண்டும். எண்ணை நினைவில் வைக்கச் சூத்திரம், சூத்திரத்தை நினைவில் வைக்க இன்னோர் ஏடு. மேலும், சரளி வரிசையோடு பாட்டு வகுப்பை நிறுத்தியவர்கள் மாயாமாளவகௌளை தவிர வேறறியார். அவர்களுடைய எண் 151515 ஆகும். திருடர்கள் இதைப் படிக்காதிருப்பார்களாக.

கைரேகை இருக்க ஏடு எதற்கு என்பர் சிலர். கைநாட்டு என்று ஏளனம் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கட்டைவிரலை வைத்துத்தான் கைப்பேசியைத் திறக்கிறார்கள். சம்பள நாளில் மைபூசிய விரலைப் பதித்த தோட்டத்துப் பாட்டி காலத்துக்கு முந்திவிட்டாள் என்பதில் ஐயமில்லை. 2001இல் வந்த மைகார்டு அடையாள அட்டையின் சில்லுக்குள்ளும் கட்டைவிரல் ரேகை இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் பால்மரம் சீவிய விரலிலும், வலையும் கயிறும் இழுத்த விரலிலும் ரேகை தேய்ந்துபோகும். கருவி, துடைத்துவிட்டு மறுபடி வை என்கிறது. துடைத்தால் வருவது அழுக்குத்தானே, ரேகையா வரும்?

இனித் தடையும் விடையும். எழுதிவைத்தால் திருடன் படிப்பானே என்பது முதல் தடை. ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் இருந்து கணினியைக் குடையும் திருடனுக்கு மெர்சிங்கில் ஒரு சட்டைப் பை எட்டாது. புரூஸ் ஷ்னையர் என்னும் பாதுகாப்பு அறிஞர் 2005இலேயே, கடவுச்சொல்லைத் தாளில் எழுதிப் பணப்பையில் வையுங்கள், சின்னத் தாள்களைப் பத்திரமாக வைத்திருக்க நமக்குத் தெரியும் என்ற கருத்தில் எழுதினார். ஏடு இல்லாதவர் செய்யும் பாவம் ஒன்று உண்டு: எல்லாக் கதவுக்கும் ஒரே சொல். 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திடமிருந்து 32 மில்லியன் கடவுச்சொற்கள் வெளியேறின. அவற்றுள் முதலிடம் 123456. இப்படி ஓரிடத்தில் கசிந்த சொல்லை எடுத்துப்போய் வங்கி, மின்னஞ்சல் என்று ஒவ்வொரு கதவிலும் போட்டுப் பார்ப்பதே இன்றைய திருடனின் அன்றாட வேலை. ஏடு உள்ளவர் கதவுக்கொரு சொல் வைத்துக்கொள்ளலாம். நினைவு என்ற சாக்கு அவருக்கில்லை.

கடவுச்சொல் காக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டால் போதாதா என்பது இரண்டாம் தடை. போதும். கணக்குகள் நிறைய உள்ள இளைஞர்க்கு அதுவே நல்லது என்பதை ஆராய்ச்சி நேர்மையின் பொருட்டு ஒப்புக்கொள்கிறேன். 2022இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திடமிருந்து பூட்டிய பெட்டகங்களின் பிரதிகளே களவுபோயினவே என்றால், நீண்ட திறவுச்சொல் வைத்திருந்தவர்களின் பெட்டகத்தை உடைப்பது எளிதன்று. ஆயினும் அந்தத் திறவுச்சொல்லையும் எங்காவது எழுதவேண்டுமே. எங்கே எழுதுவீர்கள்?

மழையில் நனையாதா என்பது மூன்றாவது. நனையும். பிளாஸ்டிக் பையில் போடுக.

மெய்யான பகை ஏட்டுக்கு வெளியே இருக்கிறது. தொலைபேசி மணி அடிக்கும். போலீஸ் என்பார்கள், வரி இலாகா என்பார்கள், உங்கள் பெயரில் பொட்டலம் பிடிபட்டது என்பார்கள். கடைசியில், இப்போது வந்த டேக் நம்பரைச் சொல்லுங்கள் என்பார்கள். மலேசியர் மக்காவ் மோசடி என்று பெயரிட்டுள்ள இக்கலைக்கு எந்தக் கடவுச்சொல்லையும் உடைக்கவேண்டியதில்லை. உரியவரே ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிப்பார். பணமாற்றத்தை உறுதிசெய்யக் குறுஞ்செய்தி வழி அனுப்பும் டேக் எண்ணைக் கைவிடும்படி 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா வங்கிகளுக்குச் சொன்னது. மறு மாதம் 997 என்ற அவசர எண் வந்தது. ஏமாந்தவுடன் அழைத்தால் பணம் போகும் வழியை மறிக்க முயல்வார்கள். இவ்வெண்ணை ஏட்டின் பின்னட்டையில் பெரிதாக எழுதிவைப்பது நலம். சட்டைப் பைக்குள் இருக்கும் ஏடு தொலைபேசி எடுப்பதில்லை. நாமோ எடுக்கிறோம், தம்பி என்று பாசமாக வேறு பேசுகிறோம்.

ஏட்டில் எப்படி எழுதுவது என்பதில் இரண்டு பள்ளிகள் உள்ளன. ஒன்று, தமிழ் எண்ணில் எழுதும் பள்ளி: ௫, ௭, ௮ என்று எழுதினால் எவனுக்கும் புரியாது என்பது அவர்கள் கொள்கை. ஆனால் பூட்டின் அமைப்பு பகைவனுக்குத் தெரிந்தாலும் திறவுகோல் மட்டும் தெரியாதிருந்தால் போதும் என்றபடி பூட்டு அமையவேண்டும் என்று கெர்க்ஹாஃப்ஸ் என்னும் சங்கேத எழுத்து அறிஞர் 1883இலேயே வகுத்துவிட்டார். தமிழ் எண் பள்ளி இவ்விதியில் தோற்கிறது. இக்கட்டுரை அச்சேறிய நாளோடு அதற்கு மூடுவிழா.

மற்றது வால் பள்ளி. சொல்லின் தலையை மட்டும் ஏட்டில் எழுதி, எல்லாச் சொல்லுக்கும் பொதுவான ஒரு வாலை மனத்தில் வைத்துக்கொள்வது. முறை ஊருக்கே தெரிந்தாலும் வால் தெரியாது, கெர்க்ஹாஃப்ஸுக்கும் உடன்பாடே. இப்பள்ளியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், வயதான காலத்தில் வாலே மறந்துவிட்டால் என்ன செய்வது என்று அஞ்சி, யாரும் ஐயுறாதபடி அதை முன்பக்கத்துக் கடன் பட்டியலுக்கு நடுவே ‘மரவள்ளி 4.70’ என்று எழுதிவைத்தார். தீபாவளிக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த மகன், அப்பாவுக்குக் கடன் இருக்கக்கூடாது என்று ஏட்டை எடுத்துப்போய், மரவள்ளி உட்பட எல்லாவற்றையும் கட்டிவிட்டு, கணக்குத் தீர்ந்ததென்று அந்தப் பக்கத்தையே கிழித்துப் போட்டான். கடைக்காரர் தம் ஏட்டில் மரவள்ளியைத் தேடிப் பார்த்தார், காணவில்லை, இருந்தாலும் நாலு ரிங்கிட் எழுபது காசை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டார்.